இரண்டு ஸ்க்ரூ, பதினோரு ஸ்க்ரூ

ஒரு போனின் வயிற்றுக்குள் அவ்வளவு சாமான் இருக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கியபோது மூச்சே நின்றுவிட்டது.

அப்போது ஆறாம் வகுப்பு. வங்காளத்தில், பெஹாலாவில் ஒரு சந்துக்குள் மாடியில் ஒற்றை அறை வீடு. அப்பா ஆப் டாக்ஸி ஓட்டினார். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. போனில் வரும் இங்கிலீஷை வாசித்து, எந்தக் கட்டத்தில் விரலை வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பழக்கிக் கொடுத்ததே நான்தான்.

அதற்கு முன்பே எனக்கு ஒரு பெருமை உண்டு. கரக்பூர் ரயில்வேயில் இருந்த மாமா எனக்கு ஒரு பாட்டுக் கருவி தந்திருந்தார். எம்பி ஃபோர் என்போம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு மழைக்காலத்தில் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோது அது நழுவி உள்ளே விழுந்தது. ரத மேளா என்னும் தேர்த் திருவிழாச் சந்தையில் வாங்கிய குட்டி ஸ்க்ரூடிரைவரால் பின்பக்கம் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் ஒரு கறுப்புச் சில்லு, குட்டித் தலையணை மாதிரி ஒரு பேட்டரி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். மிச்சமெல்லாம் காலி இடம். ஒரு கரப்பான் குடும்பம் நடத்தலாம். வெயிலில் காயவைத்து மூடினேன், பாடியது. அன்று முதல் வீட்டில் எனக்கு இன்ஜினியர் என்று பெயர்.

அப்பாவுக்குச் சவாரிக்கான போன் வந்ததும் ரஃப் நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டையும் ஒப்பிட்டு எழுதினேன். திரை இரண்டிலும் உண்டு. பேட்டரி உண்டு. இயர்போன் குத்தும் ஓட்டை ஒரே அளவு. மெமரி கார்டு இதிலிருந்து எடுத்து அதில் போட்டாலும் பாடுகிறது. முடிவு: போன் என்பது பேசத் தெரிந்த எம்பி ஃபோர். அதன் கீழே கையெழுத்தும் போட்டுவைத்தேன்.

வங்காளிகள் வண்டிக்கு விசுவகர்மா பூஜையன்றே மாலை போட்டுவிடுவார்கள். தமிழர்களான நாங்கள் ஆயுத பூஜை வரை பொறுத்திருப்போம். அது துர்கா பூஜையின் நவமியன்று, ஊரே தெருவில் இறங்கும் நாளில், வந்து சேரும். அப்பாவுக்கு வருஷத்திலேயே பெரிய சவாரி நாள். அதனால் காலையிலேயே சாமி கும்பிட்டுவிட்டு வண்டி எடுப்பார்.

அந்த வருஷம் சாமி முன்னால் ஸ்பேனர், ஜாக்கி, என் புத்தகங்கள், எம்பி ஃபோர், எல்லாவற்றுக்கும் நடுவில் போன். அம்மா கை தாராளம். எல்லாவற்றுக்கும் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சூடம் காட்டி முடிந்ததும் போன் அடித்தது. அப்பா எடுத்தார்.

“ஹலோ... ஹலோ... என்னல இது, ஒண்ணுமே கேக்கல?”

காது வைக்கும் ஓட்டையில் சந்தனம் அப்பியிருந்தது. எந்தப் பந்தல் வாசலில் நிற்கிறோம் என்று சவாரிக்காரர் சொல்வது கேட்காவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. வண்டிக்கு வாழைக்கன்று கட்டிவிட்டு வருகிறேன், அதற்குள் துடைத்து வை என்று சொல்லி அப்பா கீழே போனார். அம்மா சுண்டலை இறக்க அடுப்புப் பக்கம் போனாள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

உள்ளே காலி இடமே இல்லை. தகட்டுக்கு மேல் தகடு, மிளகு அளவில் ஒரு கேமரா, கடுகு கடுகாக என்னென்னவோ. எல்லாவற்றையும் இணைத்து, வயருக்குப் பதிலாக, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய பட்டைகள். ஒரு தகட்டைத் தூக்கினேன். சருகு கிழிந்தது. கிழிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மூடி மாட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. ஸ்க்ரூடிரைவரைத் தகரப் பெட்டிக்குப் பின்னால் போட்டேன். அது சுவரில் பட்டு ‘டங்’கென்றது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

திறந்திருந்த ஒரே ரிப்பேர் கடைக்கு அப்பாவோடு நானும் போனேன். கடைக்கார அண்ணன் போனைத் திறந்ததும், பதினோரு ஸ்க்ரூவில் ஒன்பதுதான் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தார். சந்தனமா, அது பிரஷ்ஷால் தட்டினால் அஞ்சு நிமிஷத்தில் போயிருக்கும் என்றார். திரைக்குப் போகும் பட்டையை யாரோ கிழித்திருக்கிறார்கள், பூஜை முடிந்து மார்க்கெட் திறந்தால்தான் வேறு கிடைக்கும் என்றும் சொன்னார். அஞ்சு நிமிஷம் என்றதும் என் காது அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், “இதை யாரு தொறந்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “நாந்தான். சந்தனத்தை எடுக்கலாம்னு ஊக்கால நோண்டுனேன்” என்றாள்.

சுவிட்சைத் தொடுவதற்கே என்னைக் கூப்பிடும் அம்மா!

“ஊக்காலயா? பதினோரு ஸ்க்ரூவையும்?”

“ஆமா. கழண்டுச்சு.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். தகரப் பெட்டியைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. “நல்ல ஊக்குதான்” என்றார்.

அன்று அப்பா சவாரி போகவில்லை. வாழைக்கன்று கட்டிய வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு பாலிகஞ்ச் வரை பந்தல் பந்தலாகக் காட்டினார். அந்த வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான். அம்மாவின் பொய்யை அப்பா நம்பிவிட்டார், எவ்வளவு அதிர்ஷ்டம் என்று ஜன்னலில் முகம் வைத்துக்கொண்டு வந்தேன். ரஃப் நோட்டில் அந்தப் பக்கத்தை மறுநாளே கிழித்துப்போட்டேன். ஸ்க்ரூடிரைவரை எடுக்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கவருக்குப் பொட்டு வைத்தாள். ஸ்பேனர், ஜாக்கி வரிசையில் கடைசியாக, என் புத்தகங்களை ஒட்டி, அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவர் இருந்தது. துரு துடைத்து, எண்ணெய் போட்டு, பிடியில் ஒரே ஒரு சொட்டுச் சந்தனம். எண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கம் வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் உண்டு. அம்மா சூடம் காட்டினாள். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

இது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லையே, தப்பித்தோம் என்றுதான் அன்று எனக்கு இருந்தது.