வலை இழுக்கும் பாட்டு

பாலிகஞ்சில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓர் இரும்புக் கூண்டு. எழுபதுகளில் மின்வெட்டு இல்லாத மாலையே கிடையாது, தெரிந்தும் ஏறுவோம். அன்று தெருமுனை பூஜைப் பந்தலில் ஒரு ஜப்பான்காரியின் கச்சேரி. எதிர் ஃபிளாட் வங்காளி வாத்தியார் வீட்டு விருந்தாளி அவள். தன் ஊர் மீனவர்களின் பாட்டுகளை தேசம் தேசமாகப் போய்ப் பாடுகிறவள். மூன்று தந்தி வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளும், தயிர் வாங்கக் கிளம்பிய நானும் நான்காம் மாடியில் ஏறினோம். இரண்டு மாடிகளுக்கு நடுவில் கரண்ட் போயிற்று.

இருட்டு. புழுக்கம். அவள் மூச்சு, என் மூச்சு, இரண்டுக்கும் போதாத காற்று.

படிக்கட்டிலிருந்து பூஜை கமிட்டிக்காரர் வங்காளத்தில் கத்தினார்: "பயப்படாதீங்க தீதி! பந்தல்ல ஜெனரேட்டர் இருக்கு!"

"அதை இங்க தூக்கிண்டு வாங்களேன் அண்ணா" என்றேன், எனக்கே கேட்காத குரலில். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் குரல் அந்த அளவுதான்.

அவள் அரைகுறை வங்காளத்தில் சொன்னாள்: "இன்னிக்கு நான் பாடப்போறது வலை இழுக்கிற பாட்டு. நான் ஒரு வரி பாடணும், இன்னொருத்தர் 'யோய்ஷோ'ன்னு கூவணும். கூட வந்தவ காய்ச்சலோட ஊருக்குப் போயிட்டா. கூவலேன்னா வலை கடல்லயே நின்னுடும். நீ கூவுவியா?"

"நானா?"

வாத்திய உறையின் தோள்வாரைக் கழற்றி ஒரு நுனியை என் கையில் திணித்தாள். பாடினாள், இழுத்தாள். நான் முனகினேன்.

"வயித்திலிருந்து! கயித்தைப் பிடிச்சவ நடுவுல விடக்கூடாது."

இழுத்தேன். கூவினேன். கூண்டு அதிர்ந்தது. இருட்டில் யாருடைய மருமகளும் இல்லை நான்.

"மேடையில என் பக்கத்துல உட்காரு" என்றாள். சரி என்று தலையாட்டியபோது விளக்கு வந்தது. லிஃப்ட் கீழே இறங்கவில்லை, மேலே ஏறியது. நான்காம் மாடியில் மாமியார் பட்டனை அழுத்தியபடி நின்றிருந்தார்.

"தயிரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உள்ள வா."

வெளியே வந்தேன். லிஃப்ட் கிராதிக்குப் பின்னால் ஜப்பான்காரியின் முகம் கட்டம் கட்டமாகக் கீழே இறங்கிப் போயிற்று.

பால்கனியிலிருந்து பந்தல் தெரிந்தது. அவள் ஒரு வரி பாடி நிறுத்தினாள். காத்திருந்தாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து ஜனங்கள் அன்பாகக் கைதட்டினார்கள். மறுபடி ஒரு வரி. மறுபடி அந்தப் பள்ளம். வயிற்றிலிருந்து கூவினேன்.

"யோய்ஷோ!"

கீழே அவள் தலை நிமிர்ந்தது. எந்த ஜன்னல் என்று தேடியது. அடுத்த வரியைப் பாடினாள்.

"என்னடி இது, மாடு ஓட்டறவளாட்டம்? தெருவே பார்க்கறது! உள்ள வாடி!"

நடுவில் விடக்கூடாது. பால்கனிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, கூவிக் கூவி இழுத்தேன். பாட்டு முடிகிறவரை இழுத்தேன். கம்பி அசையவில்லை.