கிணறு முந்தி, வீடு பிந்தி

1932இல் ரப்பர் விலை படுத்துவிட்டது. மலாயாவில் லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். பலர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ராக்காயி தன் புருஷன் அம்மாசியிடம், "அங்க எறங்குனா மட்டும் நமக்கு நெலமா காத்துக் கெடக்கு? நான் வரல" என்று சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்கு நான்காம் மாதம்.

உணவுப் பயிர் போடுகிறவர்களுக்கு நிலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாசி அலைந்ததில், பாடாங் செராய்க்கு அப்பால் இரண்டு ஏக்கர் கிடைத்தது. முழுக்க லாலான் புல். அவர்கள் போய்ச் சேர்ந்த காலையில் பனி இன்னும் விலகவில்லை. வெள்ளைப் பூக்களோடு புல் அசைந்தபோது நிலம் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல இருந்தது. தோட்டத்தில் அவள் நடந்ததெல்லாம் மரவரிசைக்கு நடுவேதான். இங்கே எந்தப் பக்கமும் நடக்கலாம் என்பதே அவளைக் கிறங்க வைத்தது.

அம்மாசி மண்வெட்டியோடு மேட்டைப் பார்த்து நடந்தான். "மொதல்ல வீடு புள்ள. கொழந்த பொறக்கப் போவுது."

"மொதல்ல தண்ணி. ஆத்துக்குக் கா மைலு. வயித்தத் தள்ளிக்கிட்டு எத்தன நட நடப்பேன்? அஞ்சு நாளு பொறுங்க, கெணறு எங்க தோண்டணும்னு பாத்துச் சொல்றேன்."

அந்த ஐந்து நாளும் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. நாலு கம்பு நட்டு அத்தாப்பு ஓலை போட்ட பந்தலில் படுத்து எழுந்தாள், சும்மா நடந்தாள். வெயில் எங்கே முதலில் விழுகிறது, மழை பெய்தால் எங்கே தேங்குகிறது என்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கையில் புல் மறைந்து வாழை தெரியும். வாழைக்குப் பின்னால் ஒரு பசு வாலை வீசும். அம்மாசி கூப்பிட்டால் காதில் விழாது.

பக்கத்து மலாய்க் கிழவி மாக் சோம் அவித்த மரவள்ளி கொண்டுவந்தாள். விஷயம் தெரிந்ததும் சிரித்து, "ஆயாக் டூலு, ருமா கெமுடியன்" என்றாள். தண்ணீர் முதலில், வீடு பிறகு.

"ரெண்டு பொம்பளைங்களும் சேந்துட்டீங்க லா" என்று அம்மாசி தோண்ட இறங்கினான். ராக்காயி காட்டிய பள்ளத்தில் எட்டடியில் நீர் வந்தது. ஆனால் சிவப்பு நீர். வாயில் வைத்தால் துருவேறிய இரும்பு. பத்து நாள் உழைப்பு வீண். அம்மாசி மண்வெட்டியை வீசிவிட்டுக் கரையேறினான்.

மறுநாள் விடியலில் ராக்காயி மேட்டின் அடிவாரத்துக்குப் போனாள். மற்ற இடமெல்லாம் பனி கலைந்த பிறகும் ஒரே இடத்தில் மட்டும் அது தங்கியிருந்தது. அங்கே மழையில்லாத நாளிலும் பெரணிச்செடி பச்சையாக நின்றது.

"இங்க தோண்டுங்க. இதுவும் செவப்பா வந்தா நீங்க சொன்னபடி வீடு."

மாக் சோம் மண்கூடையை மேலே இழுக்க, பன்னிரண்டாவது அடியில் வெள்ளை மணலுக்குள்ளிருந்து நீர் கசிந்தது. அம்மாசி கையில் ஏந்திக் குடித்தான். கீழிருந்தே கத்தினான்: "இனிக்குது புள்ள!"

அதன்பின் மரவள்ளி நட்டார்கள், சர்க்கரைவள்ளிக் கொடி ஓட்டினார்கள், கோழிக்கு ஒரு கூண்டு. வீட்டுக்கு நேரமில்லாமலே போனது. அடைமழை நாளொன்றின் மத்தியானம், அந்தப் பந்தலுக்குள்ளேயே, மாக் சோம் கைகளில் இராசாத்தி பிறந்தாள். சுற்றிலும் மழைத்திரை, உலகத்தில் அந்த ஓலைக்கூரை மட்டும் மிதப்பதுபோல ராக்காயிக்குத் தோன்றியது. வெளியே அம்மாசி நனைந்தபடி நின்று, வீடு கட்டாததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வருஷம்தான் பலகை வீடு எழுந்தது. பசு அதற்கும் பிறகு.

சண்டையில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் அரிசி கண்ணிலேயே படவில்லை. பழைய தோட்டத்து லயத்தில் குடியிருந்த ஆட்கள் மைல் கணக்கில் நடந்து வந்தார்கள். ராக்காயி யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. "கெழங்க எடுத்துக்கங்க. தண்ட நட்டுட்டுப் போங்க" என்பாள். வந்தவர்கள் நட்டுவிட்டுப் போனார்கள்; சண்டை முடிந்தபோது மரவள்ளி ராக்காயியின் எல்லையைத் தாண்டி, மாக் சோம் வேலி வரைக்கும் போயிருந்தது.