பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடு

காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு இறங்கும்போதே கீழ் லயத்து வீடுகளில் சாவுத் தப்புச் சத்தம் கேட்டது. யாருக்கு என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. ராமையா நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தது தோட்டத்துக்கே தெரியும். "முடிஞ்சிருச்சுங்க" என்றார் கணக்கப்பிள்ளை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றோம்.

அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் பிடிவாதமும் தெரியும். மரம் அறுக்கும் மெஷின் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து எஞ்சின் பக்கம் அவன், மறுமுனைக் கைப்பிடி நான். தேயிலை ஸ்டோர் அடுப்புக்கு விறகு போதவில்லையென்று துரை குதித்தாலும், செயின் மழுங்கினால் மெஷினை நிறுத்திவிடுவான். "தூளு மாவாட்டம் விழுது பாரு மச்சான். இது அறுக்கல, தேய்க்குது. மழுங்குன பல்லுதான் ஆளக் காவு கேக்கும்" என்பான். பிறகு எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அதற்குமுன் செயினில் விரல் வைக்கமாட்டான். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, அரத்தை உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுவான். எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவு. நான் பனியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"எஞ்சின்தான் நின்னுருச்சே, பிளக்க வேற எதுக்குடா கழட்டுற?" என்று எரிந்து விழுவேன்.

"பிளக்கு எங்கிட்ட இருந்தாத்தான் அது நின்னுருக்குன்னு அர்த்தம்."

இப்படிப்பட்டவனும் ஒரு பிழை செய்தான். ஓர் ஆயுத பூசைக்கு மெஷினைத் துடைத்து, செயின் நெடுகச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தான். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மறுநாள் சரிவில் ஒரு நிழல் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தோம். சந்தனம் காய்ந்து எண்ணெய் வரும் ஓட்டையை அடைத்திருந்தது. செயின் காய்ந்து, புகைந்து, சூட்டில் தொய்ந்து, என் பக்கமாகக் கழன்று விழுந்தது. கம்பளி கிழிந்தது, மணிக்கட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். ராமையா எஞ்சினை அணைத்துவிட்டு ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"சாமிக்குன்னு வச்சேன் மச்சான், ஒங் கையில வந்து விடிஞ்சிருக்கும்" என்று அழுதான். ஐயோ, அந்த அழுகையை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த பூசையிலிருந்து செயினைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, எஞ்சின் மூடிக்கு மட்டும் பொட்டு வைத்தான். கோயில்காரர்கள் முணுமுணுத்தார்கள். "சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்" என்றான்.

பாடையைத் தூக்கும் முன்பே ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டது. மெஷினில் பிளக்கைக் காணோமாம், துரை கேட்கிறாராம். "பொணத்தத் தூக்க விடுங்கய்யா மொதல்ல!" என்று கத்தினேன். ஆனால் பிளக் எங்கே என்று எனக்குத் தெரியும்.

காடாற்றிவிட்டு வந்ததும் அவன் மனைவி செல்லம்மா அவன் போட்டிருந்த பழைய கோட்டைக் கொண்டுவந்தாள். "அண்ணே, செயினுக்கு அரம் போட்டுக்கிட்டிருந்தவரு, முடியலன்னு பாதியில எந்திரிச்சு வந்து படுத்தாரு. இத யாரையும் தொட விடல." பையில் துணி சுற்றிய பிளக் இருந்தது.

இப்போது எஞ்சின் பக்கம் நான். அசதியாகத்தான் இருக்கிறது. அவன் விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பவை இந்த முழு விரல்களும், பாதி தீட்டிய ஒரு செயினும். துரைக்கு இன்றைக்கே விறகு வேண்டுமாம். சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, ராமையா நிறுத்திய பல்லுக்கு அடுத்த பல்லில் அரத்தை வைத்திருக்கிறேன். பிளக் என் சட்டைப்பையில் இருக்கிறது.