அக்காவின் கண்ணில் விட்ட சுண்ணாம்பு

கக்கூஸ் கழுவ மருமகள் ஆசிட் ஊற்றினாள். அந்த நெடி ஏறியதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

எங்களைப் பெற்ற அத்தாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவர் சட்டையில் சுண்ணாம்பும் ஊறிய தோலும் சேர்ந்து மணக்கும். அங்கே கையில் ஆசிட் பட்டால் சுண்ணாம்புத் தண்ணீரில்தான் முக்குவார்கள்.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பள்ளிக்கூட லேபில் கண்ணில் ஆசிட் தெறித்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று, அடுத்த தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். அத்தா சாப்பிட வந்திருந்த நேரம்.

"தண்ணி ஊத்துங்கத்தா. டீச்சர் அப்புடித்தான் சொல்லிருக்காக" என்று அக்கா கதறினாள்.

"தண்ணி பட்டா கொப்பளிச்சுரும். இருவது வருசமா ஆசிட்டோட கெடக்கேன், எனக்கு ஒங்க டீச்சர் பாடம் எடுக்குறாகளாக்கும்?"

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து அவரே கண்ணில் விட்டார். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். அத்தா முன்னால் எனக்கு வாயும் வராது, கையும் வராது.

அந்தக் கண் போய்விட்டது. ஆசிட்டைவிடச் சுண்ணாம்புதான் கெடுத்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஐந்தாவதோடு என்னையும் நிறுத்தினார்கள்.

அக்கா வீட்டுக்குப் போனால், இன்றைக்கும் நான் அவளுக்குப் பார்வையில்லாத பக்கமாகத்தான் உட்காருகிறேன்.