ஆட்டம் இல்லாத நாளின் காலை

எங்கள் குடும்பப் பதிவில் என் அத்தை ஸ்டெல்லா ஹிரிஷுக்கின் பெயருக்குக் கீழே, பிள்ளைகள் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அத்துடன் நிறுத்திவிட்டால் படிப்பவர் மனத்தில் தவறான எண்ணம் பிறக்கும். ஆகவே இந்தச் சில பக்கங்களைச் சேர்க்கிறேன். நான் நேரில் பார்க்காதவற்றை, அத்தையின் கணவர் மெட்ரோ மாமா சொன்னதும் ஊர் ஹாக்கி அணியின் பயிற்சியாளர் லோர்ன் பிட்கா சொன்னதும் ஒத்துப்போகிற அளவுக்கே எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாத இடத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அத்தை டன்ரோஸ் ஊருக்கு வடக்கே, ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தவர். தானியக் கிடங்கில் வேலை பார்த்த மெட்ரோ மாமாவை மணந்து ஊருக்குள் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டினார். உறைபனியில் டீசல் கெட்டியாகிப்போகும் காலைகளிலும் அவருடைய பேருந்து வராமல் இருந்ததில்லை என்று இன்றும் சொல்வார்கள். பேச்சு குறைவு. பேருந்தின் பின் இருக்கையில் யார் யாரை முத்தமிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுடைய பெற்றோருக்குத் தெரியாது.

ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியான பேட்ஜர்ஸ், வெளியூர்ப் பையன்களைத் தங்கவைக்க வீடு தேடியபோது அத்தை தம் வீட்டின் கீழ்த்தள அறையைக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வோர் ஆட்டப் பருவத்திலும் யாராவது ஒருவன் அங்கே இருந்தான். இப்படி வீரர்களைத் தங்கவைக்கும் பெண்களை ஊரில் பில்லட் அம்மா என்பார்கள். சோறு, துணி, படுக்கை எல்லாம் வீட்டுப் பிள்ளைக்குப் போலத்தான். எழுதப்படாத சட்டம் ஒன்றும் உண்டு: வீட்டில் கண்டது ஆட்ட அரங்கத்துக்குப் போகக் கூடாது. எவன் குடித்துவிட்டு வந்தான், எவன் ஊர் நினைப்பில் அழுதான் என்று பயிற்சியாளர்கள் தூண்டில் போட்டுப் பார்ப்பார்கள். அத்தையிடம் எதுவும் சிக்காது. அதனால்தான் பையன்கள் அந்த வீட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்த அறையில் இருந்தவன் டெரிக் ஆர்கண்ட். வடக்கே ஏரிக்கரை ஊர்க்காரன். அணியின் கோல்கீப்பர். வயது இருபது, அதோடு ஜூனியர் ஆட்டம் முடிந்துவிடும். அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் வாந்தி எடுப்பான். பதற்றம்தான், வேறொன்றுமில்லை. வாந்தி எடுக்காத ஒரு நாளில் படுதோல்வி அடைந்ததிலிருந்து, அதுவே ஊருக்கு நல்ல சகுனமாகிவிட்டது.

பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்ட ஆட்டங்களின் காலத்தில் டன்ரோஸில் யாரும் எதையும் மாற்றமாட்டார்கள். வீரர்கள் தாடி எடுப்பதில்லை. மாமா காலுறையைத் துவைக்கவிடமாட்டார். அத்தை ஆட்ட நாள்தோறும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த, கொழுக்கட்டை போன்ற பெரோகி செய்வார், அதே பானையில்.

அந்த ஆண்டு இறுதித் தொடரில் எதிரணி மில்பர்ன். வெள்ளிக்கிழமை ஆறாவது ஆட்டத்தில், எதிரணிப் பையன் ஒருவன் சறுக்கி வந்து கோல் வலைக்குள் விழுந்தான். அவனுடைய முழங்கால் டெரிக்கின் முகமூடியில் மோதியது. டெரிக் சற்று நேரம் மண்டியிட்டிருந்து எழுந்தான். ஆட்டத்தை வென்றும் கொடுத்தான். தொடர் மூன்றுக்கு மூன்று. தீர்ப்பு சொல்லும் ஏழாவது ஆட்டம் ஞாயிறு மதியம்.

சனிக்கிழமை காலை, கீழ்த்தளக் குளியலறையில் அவன் வாந்தி எடுக்கும் சத்தம் சமையலறைக்குக் கேட்டது.

"கேட்டியா? கோப்பை நம்ம ஊருக்குத்தான்," என்றார் மாமா.

"மெதுவாப் பேசுங்க, கூச்சப்படுவான்," என்றார் அத்தை. ஆனால் அவருக்கும் மகிழ்ச்சிதான். பாலாடைக்கட்டி வாங்கக் கூட்டுறவுக் கடைக்குப் போனவர், வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார். கல்லாவில் இருந்த பெண்ணிடம், "பையன் காலையிலேயே வாந்தி எடுத்துட்டான்," என்றார். அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. பெட்ரோல் நிலையத்தில் இருந்தவர்கள் கையாட்டினார்கள்.

கிழங்கு உரிக்க உட்கார்ந்தபோதுதான் அவருடைய கத்தி நின்றது. அன்று ஆட்டம் இல்லை.

கீழே இறங்கிப் போனார். திரை இழுத்துவிட்ட அறையில் டெரிக் கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்திருந்தான். தினமும் காபிக்கு முன்பே அவன் பிரித்துப் படிக்கும் லீக் செய்திப் பக்கம் மடித்தபடி கிடந்தது.

"பேப்பர்ல உன் படம் வந்திருக்கு. பாக்கலையா?"

"அப்புறம் பாக்கறேன் ஸ்டெல்லாம்மா."

"இப்பவே வாசி. நானும் கேக்கறேன்."

அவன் எழுந்து, தாளை முகத்தருகே கொண்டுபோய், பின் விலக்கி, மறுபடி மடித்து வைத்தான். "எழுத்து நிக்க மாட்டேங்குது."

"தலை வலிக்குதா?"

"நாளைக்கு ஒரு நாள்தான். அதுக்கப்புறம் எனக்கு ஜூனியரே கிடையாது. எங்கப்பா டிரக்கை எடுத்துட்டு எட்டு மணி நேரம் ஓட்டிட்டு வர்றாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்த வீட்டு விஷயம் வெளிய போகாதுன்னு எல்லாப் பசங்களும் சொல்வாங்க."

அத்தை ஈரத்துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்து அவன் கையில் கொடுத்தார். மேலே வந்து வண்டிச் சாவியை எடுத்தார். மேலங்கி போடாமலே போனார் என்கிறார் மாமா. போட்டிருந்தார், பொத்தான்தான் மாறிப்போயிருந்தது என்கிறார் லோர்ன்.

அரங்கத்தில் லோர்ன் தனியாக இருந்தார். சிறுவயதில் அத்தையின் பேருந்தில் பள்ளிக்குப் போனவர்.

"வாங்கக்கா. வாந்தி எடுத்துட்டானாமே. ஊரே சந்தோஷமா இருக்கு."

"நான்தான் சொல்லித் தொலைச்சேன். இன்னைக்கு என்னடா ஆட்டம்?"

லோர்ன் சிரிப்பை நிறுத்தினார்.

"நேத்து அடி பட்டதுலேர்ந்து வந்தது அது. அவனால எழுத்து வாசிக்க முடியல."

"அக்கா, ரெண்டாவது கீப்பர் இந்தப் பருவத்துல முழுசா ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை. எதுவும் சொல்லாத நீங்க, இன்னைக்குப் பாத்து வந்து நிக்கறீங்களே."

"நிக்கறேன். நீயே வந்து பாரு. டாக்டரையும் கூட்டிட்டு வா. வராம இங்கேர்ந்து போகமாட்டேன்."

மருத்துவர் வந்தார். சில வாரங்களுக்கு அவன் பனித்தளத்தில் கால் வைக்கவே கூடாது என்றார்.

ஞாயிறன்று மாமா அரங்கத்துக்குப் போனார், அத்தை போகவில்லை. பெரோகியை மட்டும் செய்து வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கியதும் டெரிக் படியேறி வந்தான். அவன் கண்ணுக்காக அத்தை சமையலறைத் திரைகளை மூடி, வானொலியைத் தணித்து வைத்தார். இரண்டு பேரும் அந்த அரையிருட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டாவது கீப்பர் எல்லோரும் எண்ணியதைவிட நன்றாகவே ஆடினான். கூடுதல் நேரத்தில் மில்பர்ன் ஒரு கோல் போட்டு வென்றது.

"எத்தனையோ பேருக்காக வாயைத் திறக்காம இருந்தீங்க," என்றான் டெரிக். "எனக்கு மட்டும் ஏன்?"

"அவங்க மறைச்சது வெளிய தெரிஞ்சா வெக்கம், அவ்வளவுதான். நீ மறைச்சது அப்படியில்ல."

"அது என் தலை."

"என் வீட்டுல இருந்த தலை," என்றார் அத்தை.

மறுநாள் அவனுடைய அப்பா மூட்டைகளை ஏற்றினார். டெரிக் மாமாவிடம் கைகொடுத்தான். அத்தையிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியில் ஏறினான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அணியிலிருந்து தொலைபேசி அழைப்பு வரவில்லை. வீடுகள் போதுமான அளவு கிடைத்துவிட்டன என்று பிறகு சொன்னார்கள். அந்த வீட்டில் இருந்தால் விஷயம் வெளியே போகும் என்று பையன்களிடையே பேச்சு இருந்ததாக லோர்ன் என்னிடம் ஒப்புக்கொண்டார். அத்தை கீழ்த்தளப் படுக்கையின் விரிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றிவந்தார். ஏன் என்று மாமா கேட்டதில்லை.

அதற்கும் அடுத்த ஆண்டு, செப்டம்பரில், வாசலில் டிரக் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் டெரிக்கின் தம்பி கொலின். பேட்ஜர்ஸ் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு வீடு ஒதுக்கியும் அவன் மறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தான்.

"உங்கண்ணன் என்ன சொன்னான்?" என்று கேட்டார் அத்தை.

"அந்தம்மாகிட்ட எதையும் மறைக்க முடியாது, அவங்க வீட்டுலயே இருன்னான். அப்புறம், உங்ககிட்ட இன்னும் கோவம் தீரலன்னும் சொல்லச் சொன்னான்."

"தீர வேண்டாம். பையைக் கீழ கொண்டு போ."

கொலின் மூன்று பருவங்கள் அங்கே இருந்தான். ஆட்டத்துக்கு முன் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குவான். "இவன் ஒரு தடவைகூட வாந்தி எடுக்க மாட்டேங்கறானே, நாம எப்படித்தான் கோப்பை வாங்கறது," என்று மாமா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார். அந்த மூன்று பருவங்களிலும் டன்ரோஸ் இறுதித் தொடரை எட்டவில்லை.

பதிவில் பிள்ளைகள் என்ற இடத்தை நான் வெறுமையாகவே விட்டிருக்கிறேன். இந்தப் பக்கங்களை அதன் பின்னே இணைத்துள்ளேன்.