உப்புத் தண்ணீர்ப் போத்தல்

என் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த சதை, சேமியாத் துண்டு அளவுதான் இருந்தது. அதை இரண்டாக்கி இரண்டு போத்தல்களில் போட்டார்கள். ஒன்றில் கண்ணை எரிக்கும் பார்மலின். மற்றதில் உப்புத் தண்ணீர். அதை மட்டும் ஐஸில் வைத்துக் கட்டினார்கள். கால் வீக்கமும் நுரைக்கும் சிறுநீருமாக நான்கு மாதம் அலைந்திருந்தேன். இந்தத் துண்டுகளைப் பார்த்தால்தான் என்ன நோய் என்று தெரியும், தெரியாமல் மாத்திரை தொடங்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஊசி போட்டபின் ஆறு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஆகவே கண்டியிலிருந்து பேராதனைப் பக்கம் இருந்த பரிசோதனைக்கூடத்துக்குப் போத்தல்களைக் கொண்டுபோனவர் என் மனைவியின் அண்ணன். எனக்காகப் பேசுவதும் எப்போதும் அவர்தான். ஹார்ட்வேர் கடையில் சாமான் தூக்கும் எனக்கு டாக்டர் முன்னால் வாய் வராது. வீக்கம் எப்போது வந்தது என்று என்னிடம் கேட்டால் அவர் பதில் சொல்வார், அதுவும் தப்பாக.

மூன்றாம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். உப்புத் தண்ணீரில் பார்மலின் கலந்திருக்கிறதாம். அதில் இருந்த துண்டில் சாயம் ஏற்றி, தனி வெளிச்சத்தில் எது ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும். பார்மலின் பட்டால் அந்தச் சோதனை பலிக்காது. மற்ற துண்டில் பாதி விஷயம்தான் தெரிந்ததாம். யார் கலந்தது என்று கேட்டார்.

மச்சான் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நான்தான் டாக்டர். கெட்டம்பேயில பஸ் நின்னுருச்சு, ஐஸும் கரைஞ்சு போச்சு. அதுல இருந்தது வெறும் தண்ணி. சதை கெட்டுப் போயிருமேனு மத்ததுல இருந்து கொஞ்சம் ஊத்துனேன்."

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். "திறக்கக் கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லையோ?"

"சிந்தக் கூடாதுன்னாங்க. ஒரு சொட்டு சிந்தல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "திரும்பவும் ஊசி போட வேண்டி வரும் ஐயா."

தலையாட்டினேன். வெளியே வந்ததும், "பயப்படாதீங்க மாப்ள, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றார் மச்சான். முதல் ஊசி போட்ட இடம் அப்போதும் வலித்தது. அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கலஹா பஸ்ஸில் ஊர் வரும்வரை மனதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி குப்புறப் படுக்க வைத்தார்கள். மூச்சைப் பிடித்து, ஊசி இறங்கி முடிந்ததும் வாசலில் மச்சான் நர்ஸிடம் பேசும் குரல் கேட்டது.

"போத்தல் ரெடியா மிஸ்? இந்தத் தடவ ஐஸ் நானே கொண்டாந்திருக்கேன்."

தலையணையில் முகம் புதைந்தபடியே, "அவர்கிட்ட குடுக்காதீங்க" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வெளியே வரிசையில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் ஒருவரே போத்தல்களைக் கொண்டுபோனார்.

மச்சான் அதோடு என்னிடம் பேசுவதை விட்டார். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. ஆனால் முடிவு வந்த நாளில் எப்படியோ வந்து நின்றார். நோய்க்குப் பெயர் கிடைத்தது. சிறுநீரகத்தை இன்னும் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லி அன்றே மாத்திரை எழுதினார். நான் மருந்துச் சீட்டை வாங்கி மடிப்பதற்குள் மச்சான் என் மனைவிக்குப் போன் எடுத்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டாங்க தங்கச்சி. நம்ம ரெண்டு தடவ எடுத்ததுனாலதான் இவ்வளவு சரியா தெரிஞ்சிச்சு."