ஆறாம் வகுப்புக்கு ஒரு வீடு

பொங்கல் கழிந்த வாரம் தங்கச்செல்வி தன் மகளிடம் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸைக் கொடுத்து, காப்புக் கட்டு என்றைக்கு என்று படித்துச் சொல்லச் சொன்னாள். முருகலட்சுமி அப்போது ஐந்தாம் வகுப்பு. நோட்டீஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கா... ப்... பு..." என்று எழுத்தெழுத்தாகத் தடவினாள். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

தங்கச்செல்வி நோட்டீஸை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். பேச்சு மெதுவாகிவிடும். வீட்டில் அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் புருஷன் இன்பராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகும் ரோட்டில் இறங்கி, வேலிக்கருவைக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே நடந்தால் அவர்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் மொத்தம் பதினோரு பிள்ளைகள். ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான். வாத்தியார் தங்கசாமி ஒருத்தர்தான். இரண்டாவது வாத்தியார் வேலை நான்கு வருஷமாகக் காலி.

"எம்புள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியல சார்" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. "நான் என்னம்மா செய்ய? ஒண்ணாப்புக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கும்போது அஞ்சாப்பு சும்மா உக்காந்திருக்கு. வாரத்துல ரெண்டு நாளு என்னையப் பேப்பர் வேலைக்குக் கூப்பிட்டுக்கிறாக. அன்னைக்குச் சோறு ஆக்குற அம்மாதான் புள்ளைகளப் பாத்துக்கிது."

சண்டை போடப் போன இடத்தில், சண்டை போட ஆள் இல்லை. அது அவளுடைய கோபத்தை இன்னும் கூட்டியது. உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காலை ஏழேகால் பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. சாயங்காலம் திரும்ப ஆறு மணி பஸ். இறங்கி, அந்தக் கருவைக்காட்டு வழியே பத்து வயதுப் பெண் தனியாக நடந்து வரவேண்டும்.

அன்று சாயங்காலம் இன்பராஜிடம் சொன்னாள்: "டவுனுக்குப் போயிருவோம். அவ ஆறாப்பு அருப்புக்கோட்டையிலதான் படிக்கணும்."

"இங்க சொந்த வீடு கெடக்கு. அங்க போயி வாடகை குடுக்கணுமாக்கும்?"

"ஒங்க மில்லு வேனு அங்கயிருந்துதான பொறப்படுது? எனக்கும் தெனம் பஸ்ஸுக்குப் போற காசு மிச்சம்."

அவள் வேலை அருப்புக்கோட்டையில்தான். எட்டு வருஷமாக நைட்டியும் உள்பாவாடையும் மூட்டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறாள். எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், எந்த முக்கில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பார்கள், எந்த வீட்டு மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் நைட்டி வாங்குவாள் என்பது வரை அவளுக்குத் தெரியும். வீடு தேடுவது தனக்கு ஒரு வேலையே இல்லை என்றுதான் நினைத்தாள்.

முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் தேர்ந்தெடுத்தாள். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் தனியார் பள்ளிப் பெயரையே சொன்னார்கள். அந்த ஃபீஸைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அரசுப் பள்ளிகளின் வாசலில் ஒரு வாரம், விடுகிற நேரத்துக்குப் போய் மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே வரும் பெண்பிள்ளைகளை நிறுத்திக் கேட்டாள்: "கணக்கு டீச்சர் தெனம் வாராகளா? லீவு போட்டா வேற யாரும் வருவாகளா?" ஒரு பெண்கள் பள்ளியில் மூன்று பிள்ளைகள் மூன்று நாளும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தினமும் வருகிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்பு வகுப்பாக வந்து வாசிக்கச் சொல்கிறார். போதும் என்று முடிவு செய்தாள்.

அந்தப் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் பிள்ளை தானே போய்வர வேண்டும்.

பள்ளிக்கு நாலு தெரு தள்ளி சரஸ்வதியக்கா வீடு. பலசரக்குக் கடைக்காரர் வீடு. எட்டு வருஷமாக வருஷத்துக்கு ஐந்தாறு நைட்டியாவது தங்கச்செல்வியிடம்தான் எடுப்பாள். மாடி காலியாக இருந்தது. கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது.

"மாடி எனக்குத் தாங்கக்கா. நாங்க மூணே பேருதான்."

சரஸ்வதி சிரித்தாள். வாடகையைச் சொன்னாள். தண்ணீர் மோட்டார் எப்போது போடுவார்கள் என்று சொன்னாள். பிறகு குரலை இறக்கி, "தப்பா நெனைக்காத செல்வி, இத்தன வருசத்துல நான் கேட்டதே இல்ல. நீங்க என்ன ஆளுக?" என்றாள்.

தங்கச்செல்வி சொன்னாள்.

"அப்படியா" என்றாள் சரஸ்வதி. சிரிப்பு போகவில்லை. "இவுகட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேனே." இரண்டு நாள் கழித்து, மாடியைச் சொந்தக்காரர்களுக்கு என்று வைத்திருப்பதாகச் சொன்னாள். அட்டை மட்டும் கேட்டில் அப்படியே தொங்கியது.

அதற்குப் பிறகு பதினாறு வீடு. ஒரு வீட்டில் கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் ஆதார் கார்டை வாங்கி ஊர்ப் பெயரைப் பார்த்தார்கள். அந்த ஊரில் எந்தத் தெரு என்றார்கள். ஒரு பெரியவர் நேரடியாகவே, "ஒங்க ஆளுகளுக்கு இந்தப் பக்கம் கெடைக்காதும்மா, பாளையம்பட்டிப் பக்கம் பாரு" என்றார், வழி சொல்கிறவர் மாதிரி. எல்லா வீட்டிலும் அவள் விற்ற துணி கொடியில் காய்ந்தது. அவள் தொட்டு, உதறி, மடித்துக் கொடுத்த துணி. அதைப் போட்டுக்கொண்டு படுப்பவர்கள், அவள் தங்கள் மாடியில் படுக்கக்கூடாது என்றார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் சரஸ்வதி தெருவில் பார்த்துக் கூப்பிட்டாள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு வேண்டுமாம். தங்கச்செல்வி வாசலில் மூட்டையை அவிழ்த்தாள். சரஸ்வதி நிதானமாகப் பார்த்து நாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தங்கச்செல்வி அந்த நாலையும் அவள் மடியிலிருந்து எடுத்து மூட்டைக்குள் வைத்தாள்.

"என்ன செல்வி?"

"இது எங்க சொந்தக்காரவுகளுக்குன்னு எடுத்து வச்சதுக்கா" என்றாள், மிக மெதுவாக. "மறந்துட்டேன்."

மூட்டையைக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். சரஸ்வதி பின்னாலிருந்து ஏதோ சொன்னது காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை. அந்தத் தெருவில் அதோடு ஆறு வீட்டு வியாபாரம் போயிற்று. இன்பராஜ் கேட்டுவிட்டு, "அவுகளுக்கு வேற ஆளு நைட்டி தருவாக. நமக்கு யாரு வீடு தருவாக?" என்றான். அவன் சொன்னது சரிதான். அன்றிரவு அவளுக்கு அவன்மேலும் கோபம்.

மே மாதக் கடைசியில் வீடு கிடைத்தது. பள்ளிக்குப் பின்பக்கம் கன்னடம் பேசும் நெசவாளர்கள் இருக்கும் தெரு. சௌடேஸ்வரி என்ற அம்மாளின் வீடு. வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. நாலு தறி காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டும்வரை ஓடும். சுவரில் கை வைத்தால் சுவர் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தால்தான் வாடகை குறைவு.

அந்தம்மாள் வாய் திறப்பதற்குள் தங்கச்செல்வியே தாங்கள் என்ன ஆளுகள் என்று சொல்லிவிட்டாள். "இப்பவே சொல்லிப்புட்டேன். பெறகு சொந்தக்காரவுக வாராகன்னு சொல்லக் கூடாது."

சௌடேஸ்வரி தன் கணவர் சென்னய்யாவைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தறிக்குப் போனார். "ஏழு மாசமாப் பூட்டிக் கெடக்கும்மா" என்றாள் சௌடேஸ்வரி. "வந்தவங்க எல்லாரும் சத்தத்தக் கேட்டு ஓடிட்டாங்க. நீங்க ஓடாம இருந்தாச் சரி."

தறிச்சத்தம் இல்லாதிருந்தால் இந்த அம்மாளும் என்ன சொல்லியிருப்பாள் என்று தங்கச்செல்விக்குத் தெரியாதா? தெரிந்தேதான் முன்பணம் கொடுத்தாள். பள்ளிக்கூடம் எட்டு நிமிஷ நடை.

ஜூனில் சேர்க்கப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர் மாற்றுச் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "ஒங்க ஊருப்பக்கமே ஹைஸ்கூல் இருக்கே, இங்க எதுக்கு வாரீங்க?" என்றார்.

தங்கச்செல்வி அவர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "சார், வீட்டுக்காரவுக எல்லாம் நீ என்ன ஆளுன்னு கேட்டாக. அது அவுக வீடு. இது யாரு வீடு? இங்கயும் நீ எந்த ஊருன்னு கேட்டா, எம்புள்ள எங்கிட்டுத்தான் சார் போகும்?"

உள்ளேயிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெகதீஸ்வரி எழுந்து வந்தார். முருகலட்சுமியிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பிள்ளை இரண்டு சொல்லில் நின்றுவிட்டாள். அவர் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு, "அஞ்சு வருஷம் என்ன பண்ணுனீங்க?" என்றார்.

"அதத்தான் டீச்சர், நானும் ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஜெகதீஸ்வரி புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு அலுவலகத்துக்காரரிடம், "சேத்துக்கங்க" என்றார். தினமும் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் தனியாக வாசிக்க இருக்க வேண்டும் என்றார். முருகலட்சுமி முதல் மாதம் முழுக்க அழுதாள். தீபாவளிக்குள் செய்தித்தாளின் பெரிய எழுத்துகளை நிறுத்தாமல் வாசித்தாள். தறிச்சத்தத்தில் தாய்க்குக் கேட்கவேண்டும் என்று கத்திக் கத்தி வாசித்துப் பழகியதில், வகுப்பிலும் அவள் குரல்தான் பெரிய குரல்.

தங்கச்செல்வியின் கோபம் தீரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது பத்துப் பிள்ளைகள். வாத்தியார் அதே ஒருத்தர்தான். ஒரு பிள்ளை வாசிக்கக் கற்பதற்கு ஒரு குடும்பமே வீட்டைப் பூட்டிவிட்டு வரவேண்டுமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள்.

தை மாதம் ஊரிலிருந்து முருகேஸ்வரி வந்தாள். நாலாம் வீட்டுக்காரி, இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். அவளுக்கும் வீடு வேண்டும். தங்கச்செல்வி ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அவளோடு நடந்தாள். எந்தத் தெருவில் வீணாகக் கால் நோக நடக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மூன்றாவது வீட்டுக்காரர் வாடகையைச் சொல்லிவிட்டு, முருகேஸ்வரியை மேலும் கீழும் பார்த்து, "நீங்க என்ன..." என்று ஆரம்பித்தார்.

தங்கச்செல்வி குறுக்கே வந்தாள். "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வரும், அத மட்டும் சொல்லுங்கண்ணே."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

முருகேஸ்வரி தலை குனிந்து நின்றாள். "நீ எதுக்குத் தலையக் குனியுற?" என்று தங்கச்செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் அடுத்த தெருவுக்குப் போனார்கள்.